வண்ணக் காய்கறிகளும் மனத்தின் உரமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நாம் இந்த ஆலத்தூர் நாட்டிற்கு வந்து சேர்ந்திருக்கிறோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை என்று சங்க இலக்கியம் போற்றும் மலை இது. வரும் வழியெல்லாம் மிளகுக் கொடியும் பலாமரமும் அன்னாசிப் புதரும் காப்பிச் செடியும் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அவற்றைவிட மிகுதியாக நம் கண்ணிற் பட்டது மரவள்ளிக் காடுகளே. அம்மரவள்ளியைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நிறமுள்ள காய்கறிகளும் மன அழுத்தமும் என்பது. இதனைக் கேட்டதும் இளைஞர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தனர். கல்வி, வேலைவாய்ப்பு, நிலவுரிமை, தீண்டாமை ஒழிப்பு என்று முழங்கவேண்டிய மேடையில் கத்தரிக்காய்க்கும் பரங்கிக்காய்க்கும் என்ன வேலை என்பது அப்புன்னகையின் பொருளாக இருக்கலாம். அது நேர்மையான ஐயமே. அந்த ஐயத்தை ஒதுக்கிவிடாமல், அதிலிருந்தே நம் பேச்சைத் தொடங்குவோம்.

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளைத் தேர்வுக் காலங்களில் நாம் கண்டிருக்கிறோம். புத்தகம் திறந்திருக்கும், கண் அதன்மேல் இருக்கும், மனம் மட்டும் வேறெங்கோ இருக்கும். சிறு சொல்லுக்கும் சினம், காரணமின்றிக் கண்ணீர், இரவில் உறக்கமின்மை, பகலில் தலைவலி. ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டால் விடை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். காலையில் தேநீரும் பன்னும். பகலில் சோறும் ரசமும். இரவில் கடைப் பரோட்டா. ‘காய் ஒன்றும் இல்லையா?’ என்றால், உருளைக்கிழங்கையும் குழம்பில் மிதந்த இரண்டு முருங்கைத் துண்டுகளையும் சொல்வார்கள். பெண்பிள்ளைகளின் விடை இன்னும் சுருக்கமானது. ஆண்கள் உண்டபின் எஞ்சியது எதுவோ, அதுவே அவர்களது உணவு.

அவர்களுடைய சோர்வு முழுவதற்கும் இந்த உணவே காரணம் என்று நாம் கூறவரவில்லை. அவ்வாறு கூறுவது பெரும்பிழை. வீட்டில் முதன்முதலாகப் பள்ளியிறுதித் தேர்வு எழுதுகின்ற பிள்ளையின் தோளில் குடும்பம் முழுவதன் கனவும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கந்துக்காரன் வாயிலில் நிற்கிறான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலேயே ‘எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு?’ என்று சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்பவர் இன்றும் உளர். இவற்றால் வரும் மனவேதனைக்குக் கீரைக்கட்டு மருந்தாகாது. இழிவுபடுத்தப்பட்டவனிடம் ‘காரட் தின்று களிப்பாயிரு’ என்று சொல்வது மற்றுமோர் இழிவாகும். இதனை முதலிலேயே தெளிவாக வைத்துவிட்டு மேலே செல்வோம்.

அப்படியாயின் காய்கறிக்கும் மனத்திற்கும் தொடர்பே இல்லையா? உண்டு. எவ்வளவு உண்டு, எவ்வளவு இல்லை என்பதை அளந்து அறிவதே அறிவுடைமை.

ஆஸ்திரேலிய நாட்டில் 25 முதல் 91 வயது வரையுள்ள எண்ணாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட மக்களின் உணவையும் மனநிலையையும் எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டு வெளியிட்டனர். நாளொன்றுக்கு 470 கிராமோ அதற்கு மேலோ காய்கனி உண்டவர்களின் மன அழுத்த அளவு, 230 கிராமுக்கும் குறைவாக உண்டவர்களைக் காட்டிலும் 10 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால், காய்கனி உண்டதால் அழுத்தம் குறைந்ததா, அழுத்தம் குறைந்தவர்கள் நன்றாக உண்டார்களா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு மட்டும் முடிவுசெய்துவிடாது. கவலையில் மூழ்கியவன் சமைப்பதையே விட்டுவிடுகிறான் அல்லவா?

ஆகவே உணவைக் கொடுத்துப் பார்த்து ஆராய்ந்தவர்களையும் நாம் நோக்கவேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட 171 இளைஞர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு நாள்தோறும் கூடுதலாக இரண்டு பங்கு காய்கனிகளைக் கையிலேயே கொடுத்தனர். பதினான்கு நாட்கள் கழிந்தபின் அக்குழுவினரிடம் ஊக்கமும் உயிர்ப்பும் முயற்சியும் கூடியிருந்தன. ஆயினும் மனச்சோர்வின் அறிகுறிகள் அந்தக் குறுகிய காலத்தில் குறையவில்லை. 2017ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு இரண்டையும் மறைக்காமல் கூறியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு நோயுற்ற 67 பேரிடம் நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வும் வெளிவந்தது. காய்கறி, கனி, பருப்பு, தீட்டாத தானியம், மீன் ஆகியவை மிகுந்த உணவு முறைக்குப் பன்னிரண்டு வாரம் வழிகாட்டப்பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயின் பிடியிலிருந்து நீங்கினர். உணவுமாற்றம் இன்றி நட்பான உரையாடல் மட்டும் பெற்ற மற்றைக் குழுவில் அவ்வாறு நீங்கியவர் நூற்றுக்கு 8 பேரே. சிறிய ஆய்வுதான், காய்கறி மட்டும் கொடுத்துச் செய்ததும் அன்று. எனினும் புறந்தள்ளத்தக்கதன்று.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? நல்ல உணவு மனத்துயரை ஒழித்துவிடுவதில்லை. துயரைத் தாங்கும் வலிமையைக் கூட்டுகிறது. சுமை அதேதான், சுமப்பவனின் முதுகெலும்பு உறுதிப்படுகிறது. போராட வேண்டியவர்களுக்கு அந்த உறுதி சிறிய பொருளன்று.

இனி, இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காண்போம்.

காய்களின் நிறம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. பரங்கி, காரட், பப்பாளி ஆகியவற்றின் மஞ்சளும் செம்மஞ்சளும் கரோட்டின் என்னும் பொருளால் வருபவை; நம் உடல் அதனை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. தக்காளியின் சிவப்பு லைக்கோபீன் என்பதனால் வருகிறது. நாவற்பழத்தின் கருநீலமும் கத்தரித் தோலின் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் நிறமியின் வேலை. கீரையின் பச்சைக்குள்ளோ கரோட்டினும் ஃபோலிக் அமிலமும் மக்னீசியமும் இரும்புச்சத்தும் கலந்துள்ளன. ஒரே காயில் எல்லாச் சத்தும் கிடைப்பதில்லை. பல நிறங்களை உண்பவன், சத்துகளின் பெயர் ஒன்றும் அறியாதவனாயினும், பல சத்துகளையும் பெற்றுவிடுகிறான். நிறம் என்பது எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய ஓர் அட்டவணை எனலாம்.

இச்சத்துகளுள் மனத்தோடு நெருங்கிய தொடர்புடையது ஃபோலிக் அமிலம். அதன் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளைச் சார்ந்து வாழ்ந்த ஏழைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது கடுஞ்சோகையால் மடிவதன் காரணத்தைத் தேடினார். நம் தமிழகத்துக் குன்னூரிலும் தங்கி ஆய்வு செய்தார். வறுமையால் காயும் கனியும் கிட்டாத உணவே அச்சோகைக்கு அடிப்படை என்று கண்டார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்து அப்பெண்களைத் தேற்றினார். அச்சாற்றிலிருந்த பொருள் யாதென அப்போது விளங்கவில்லை. 1941ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலார் பசலையினத்துக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். குருதி ஊறுவதற்கும் நரம்புகள் தமக்குள் செய்தி கடத்த உதவும் பொருள்கள் உருவாவதற்கும் இது வேண்டும். மனச்சோர்வு நோயுடையாரிடம் இச்சத்துக் குறைவு மிகுதியாகக் காணப்படுவதைப் பின்வந்த மருத்துவர்கள் கண்டனர்.

இங்கே இன்னொன்றையும் நினைவுகூர்வோம். லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்த அதே 1928ஆம் ஆண்டில் அந்நகரின் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்ததால், அவர்கள் வாய் பட்ட நூலை மற்றவர் தொடமாட்டார் என்பது காரணம். இவ்வநீதியை அண்ணல் அம்பேத்கர் அப்போது எடுத்துக்காட்டினார். ஒரே நகரம், ஒரே ஆண்டு. சோகைக்கு ஒருவர் மருந்து தேடினார். கூலி குறைந்து அடுப்பில் காய் இல்லாமற் போவதற்கு மூலமான அநீதியை மற்றவர் எதிர்த்தார். இரண்டும் தேவையான பணிகள். ஒன்றைச் செய்வதால் மற்றொன்று வேண்டாததாகிவிடாது.

அடுத்து இரும்புச்சத்து. சோகை பிடித்த உடல் எளிதில் களைக்கும், மனம் எரிச்சலுறும், கவனம் ஓரிடத்தில் நில்லாது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். இரு பெண்களில் ஒருவருக்கும் மேல்! ‘படிப்பில் கவனமில்லை’, ‘எப்போதும் சிடுசிடுப்பு’ என்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை ஏசுமுன், அவர்களின் குருதியில் இரும்பு இருக்கிறதா என்று ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச்சென்று பார்த்தோமா என்று நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நார்ச்சத்து. காய்கறியின் நார் நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகவும் குருதி வழியாகவும் இடையறாத செய்திப் போக்குவரத்து உண்டு என்பதை இக்கால அறிவியல் காட்டியுள்ளது. அதன் முழுவிரிவும் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. வயிறு கெட்டால் மனமும் கெடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர் என்பது மட்டும் உறுதி.

இப்போது நாம் நின்றுகொண்டிருக்கும் இம்மலைக்கு வருவோம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் வழிவழியாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைவித்தவர்கள். அக்காடுகளில் ஒரு பயிர் மட்டும் நின்றதில்லை. தானியத்தின் ஊடே கடுகும் கீரையும், ஓரத்தில் அவரையும் துவரையும், வீட்டுப் படப்பில் பரங்கிக் கொடியும் வளர்ந்தன. விளைந்ததைத் தொம்பையில் இட்டுக் காத்தார்கள். ஒரே காட்டிலிருந்து சோறும் பருப்பும் காயும் கீரையும் அடுப்புக்கு வந்தன.

கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்நிலை மாறியது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டியிருந்தது. சாலை வந்தது, லாரி வந்தது, கையில் ரொக்கம் வந்தது. சாமைக்காடுகள் பல மரவள்ளிக்காடுகளாயின. இதனைப் பழங்குடி மக்களின் அறியாமை என்று எவரேனும் கூறினால் நாம் உடன்படமாட்டோம். சாமையை உரலிலிட்டுக் குத்தி உமி நீக்கும் பெண்ணின் கைவலியைக் கேட்டால் உண்மை விளங்கும். நாள்முழுதும் காட்டில் உழைத்துவிட்டு, மாலையில் மீண்டும் உலக்கை பிடிக்கவேண்டும். பள்ளிக் கட்டணத்திற்கும் மருந்துக்கும் ரொக்கம் வேண்டும். இந்நிலையில் மரவள்ளி நட்டவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனினும், இழப்பை இழப்பு என்றே சொல்லவேண்டும். மரவள்ளி பசியாற்றும், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுப்பொருளே. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி உண்ணவேண்டும் என்று அறிவுறுத்தும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கையும் மரவள்ளியையும் சேர்ப்பதில்லை. காடு வெண்மையானபோது தட்டும் வெண்மையானது. காட்டில் கிடைத்த கீரையையும் அவரையையும் காசு கொடுத்துச் சந்தையில் வாங்கவேண்டியதாயிற்று. காசு குறைந்த வாரத்தில் முதலில் நின்றுபோவது காய்கறியே அல்லவா?

மாற்றம் வந்தது போலவே மீட்சிக்கும் வழி உண்டு என்பதையும் இம்மலை காட்டியிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குள்ள உழவர்களோடும் மகளிர் குழுக்களோடும் இணைந்து சிறுதானிய விதைகளைக் காக்கும் பணியைச் செய்தது. ஊர்தோறும் விதை வங்கி, உமி நீக்கும் சிறு இயந்திரம், விற்பனைக்கு வழி என்னும் மூன்றும் சேர்ந்தபோதுதான் சாமைக்கு மறுவாழ்வு கிடைத்தது. ‘சத்துள்ளதை உண்ணுங்கள்’ என்னும் அறிவுரை மட்டும் போதவில்லை. உலக்கையின் சுமையை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. இது நம் சங்கம் கற்கவேண்டிய பாடம்.

அடிவாரத்துச் சேரிகளில் வாழும் நம் கதையும் இதனின் வேறன்று. இன்னும் கடினமானது என்றே கூறலாம். மலைமக்களுக்குக் காடு இருந்து பயிர் மாறியது. நமக்கோ பரங்கிக்கொடி படரக்கூட மண் இல்லாதிருந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கென 1892ஆம் ஆண்டு முதல் ஒதுக்கப்பெற்ற பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 2011ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசி நம் பட்டினியைப் போக்கிற்று. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அந்தக் கடையில் கீரை கிடைப்பதில்லை. வயிறு நிறைந்தது, தட்டில் நிறம் ஏறவில்லை.

இதில் நம் மனத்தில் ஊன்றப்பட்ட ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. நம் தாய்மார்கள் களை எடுக்கச் சென்ற கழனியிலிருந்து பண்ணைக்கீரையும் சுக்குட்டிக்கீரையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊரார் அதனை ஏழையின் உணவு என்று இகழ்ந்தார்கள். ஒரு கீரைக்குக் குப்பைக்கீரை என்றே பெயர் வழங்குகிறது. படித்து முன்னேறிய நம் பிள்ளைகள் அந்த இகழ்ச்சிக்கு அஞ்சிக் கீரையையும் கைவிட்டார்கள். பளபளக்கும் வெள்ளைச் சோறே கௌரவம் என்று எண்ணினார்கள். கைவிட வேண்டியது இகழ்ச்சியையே, கீரையை அன்று. அந்தக் குப்பைக்கீரை தண்டுக்கீரையின் இனம், சத்திலும் சளைத்ததன்று.

நம் முன்னோரின் அறிவைப் பற்றி ஐயுறுவோர் அயோத்திதாசப் பண்டிதரை நினைக்கட்டும். 1845 முதல் 1914 வரை வாழ்ந்து, 1907ஆம் ஆண்டு ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி நம் மக்களின் அறிவெழுச்சிக்கு வித்திட்ட அப்பெருமகனார் சித்த மருத்துவர். அவர் கையில் பேனாவும் மூலிகையும் ஒருங்கே இருந்தன. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பச்சிலையை அறிந்த மரபு நம்முடைய மரபு. அதைப் பற்றி நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

இனி, நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி அமைவோம்.

முதலாவது, வீடு. ஒரு சாண் மண்ணும் இல்லாத வீட்டிலும் பழைய சட்டியிலோ சிமெண்ட் பையிலோ கீரை விதைக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். பாத்திரம் கழுவிய நீர் போகும் இடத்தில் ஒரு பப்பாளியும் வேலியோரத்தில் ஒரு முருங்கைப் போத்தும் நட்டால், கூரைமேல் ஒரு பரங்கிக்கொடியை ஏற்றினால், பச்சையும் மஞ்சளும் செலவின்றிக் கிடைக்கும். சந்தைக்குப் போகிறவர் ஒவ்வொரு வாரமும் மூன்று நிறமாவது பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். விலையுயர்ந்த சீமைக் காய்கள் வேண்டியதில்லை. பருவத்தில் மலிந்து கிடப்பவையே போதும்.

இரண்டாவது, அடுப்பு. கீரையைக் கழுவியபின் நறுக்கவேண்டும். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். வேகவைத்த நீரைக் கொட்டலாகாது. மஞ்சள் நிறக் காயும் கீரையும் சமைக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால்தான் கரோட்டின் உடலில் சேரும். கீரைச்சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்புச்சத்து மிகுதியாக உடலில் ஏறும். கொய்யா, ஆரஞ்சைக் காட்டிலும் பல மடங்கு வைட்டமின் சி உடையது, விலையோ குறைவு. உணவுண்ட உடனே தேநீர் அருந்தினால் அவ்விரும்பு வீணாகும். ஒரு மணி நேரமாவது கழிந்தபின் அருந்துக.

மூன்றாவது, பந்தி. பெண்களும் பெண்பிள்ளைகளும் கடைசியில் உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் ஒழியவேண்டும். சமத்துவம் கேட்டு வீதியில் இறங்குகிற நாம், நம் வீட்டுப் பந்தியில் சமத்துவத்தை மறுக்கலாமா? குழம்புச்சட்டியின் அடியில் காய் ஒன்றுமில்லாத நிலையில் தன் தங்கை உண்பதைக் கண்டும் காணாதிருக்கும் அண்ணன், அம்பேத்கர் படத்திற்கு மாலையிட்டுப் பயனில்லை.

நான்காவது, விடுதியும் பள்ளியும். அரசு மாணவர் விடுதியில் உணவுப்பட்டியல் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அதனை வாசிக்கவும், பட்டியலில் உள்ள காய் தட்டில் இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையெனில் கையொப்பமிட்ட மனு எழுதவும் நம் மாணவர்கள் கற்கவேண்டும். அது சாப்பாட்டுச் சண்டையன்று, உரிமைக்கல்வியின் முதற்பாடம். 1982ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டமும் ஏழைப் பிள்ளைகளுக்காக வந்தவை. காலைச் சிற்றுண்டியோடு தரப்படும் காய்கறிச் சாம்பாரில் காய் இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் கடமை. சமைப்பவர் நம் சமூகத்துப் பெண் என்பதற்காக அவ்வுணவை மறுக்கும் கொடுமை எங்கேனும் தலைதூக்கினால், அதனைச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் நம் கடமையே.

ஐந்தாவது, தேர்வுக்காலம். சங்கத்தின் மாலை வகுப்பில் பிஸ்கட்டுக்கு மாறாகச் சுண்டலும், வெள்ளரியும், கொய்யாத் துண்டும் கொடுக்கலாம் என்று நாம் முன்மொழிகிறோம். செலவு பெரிதும் கூடாது. உண்டபின் கால்மணி நேரம் மரநிழலில் நடந்து பேசிவிட்டுப் படிக்க அமரட்டும். உணவு, உறக்கம், உலாவுதல், உற்றாரோடு பேசுதல் ஆகிய நான்கும் சேர்ந்தே மனத்திற்கு உரம் தருவன.

இறுதியாக, எல்லாவற்றினும் இன்றியமையாத ஒன்று. இரண்டு வாரத்திற்கு மேலாக ஒருவர் எதிலும் விருப்பமின்றி, உறக்கமின்றி, வாழ்ந்து என்ன பயன் என்று பேசத்தொடங்கினால், அது நோய். அதற்குப் பரங்கிக்காயும் கீரையும் காட்டிக்கொண்டிருப்பது குற்றம். உடனே அவரை மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். மருத்துவர் தந்த மாத்திரையை, ‘காய்கறியே போதும்’ என்று கூறி நிறுத்திவிடலாகாது. 2022ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் இயங்கும் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்க. மனநோய் வெட்கத்திற்குரியதன்று. நம் பிள்ளைகளுள் ஒருவரைக்கூட நாம் இழக்கலாகாது.

தோழர்களே! தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்குத் திரும்புவோம். நிலவுரிமையும் நியாயமான கூலியும் சமத்துவமும் பேசவேண்டிய மேடையில் காய்கறி எதற்கு? தட்டில் ஏன் நிறமில்லை என்று கேட்டுக்கொண்டு போனால், அக்கேள்வி கூலிக்கும் நிலத்திற்கும் சந்தைக்கும் சமையலறையில் பெண்ணின் நிலைக்கும் நம்மை அழைத்துச்செல்கிறது. அதனால்தான் அது இம்மேடைக்கு உரியது. நீண்ட போராட்டத்திற்கு நீண்டநாள் உழைக்கும் உடலும் தளராத மனமும் வேண்டும். தேர்வு மண்டபத்திலும், நேர்முகத் தேர்விலும், நீதிமன்றப் படிக்கட்டிலும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கவேண்டும். அதற்குரிய உரத்தில் ஒரு பிடியை நம் வேலியோரத்து முருங்கையும் கழனிக்கீரையும் தருமாயின், அதனை ஏன் இழப்பது?

இன்று இம்மலையைவிட்டு இறங்குமுன் நாம் ஒவ்வொருவரும் இங்குள்ள தாய்மாரிடம் ஒரு பிடி அவரை விதையோ கீரை விதையோ கேட்டுப் பெறுவோம். அடுத்த ஆண்டு அதன் விளைச்சலில் ஒரு பிடியைத் திருப்பித் தருவோம். மலையும் அடிவாரமும் விதையால் உறவுகொள்ளட்டும்.



வணக்கம். ஜெய்பீம்!